கேஸ் கிரில்லில் உருளைக்கிழங்கு: சுடுவதும் அவிப்பதும்

பொங்கோல்காரர்:

சிங்கப்பூர்க் காண்டோ (தனியார் அடுக்குமாடி வளாகம்) பார்பெக்யூவில் கோழி நன்றாக வருகிறது, கிழங்கு மட்டும் மேலே கரி, நடுவே பச்சை என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். கிழங்கைத் தீக்கு நேர் மேலே வைப்பதுதான் காரணம். 250 கிராம் கிழங்கின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச்சேர ஒரு மணி நேரம் பிடிக்கும். தோல் கருக அவ்வளவு நேரம் தேவையில்லை.

மூன்று பர்னர் கிரில் என்றால் இரண்டு ஓரத்தையும் ஏற்றி நடுவை அணைத்துவிடுங்கள்; கிழங்கு நடுவில். இரண்டே பர்னர் என்றால் ஒன்று எரியட்டும், கிழங்கு மறுபக்கம். தீயைப் பார்த்த பாதி முந்திக்கொள்ளும், அதனால் 30 நிமிடத்தில் திருப்பி வைக்க வேண்டும். மூடியை மூடி 15 நிமிடம் காயவிட்டு, 200 டிகிரி செல்சியஸ் வந்த பிறகு கிழங்கை உள்ளே வையுங்கள். பிறகு 60 முதல் 75 நிமிடம். இடையில் மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் சூடு இறங்கி நேரம் இழுக்கும்.

மூடியில் இருக்கும் மீட்டர் மேலே உள்ள காற்றின் சூட்டைத்தான் சொல்லும். கம்பி மட்டத்தில் அது வேறாக இருக்கும். ஒரு சின்ன ஓவன் வெப்பமானியைக் கிழங்கு பக்கத்திலேயே வைத்துவிட்டால் ஊகம் வேண்டாம்.

கத்தி இறங்கிவிட்டது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். 90 டிகிரியிலேயே கத்தி இறங்கும், ஆனால் உள்ளே மெழுகு போல இருக்கும். நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரிக்கு வந்தால்தான் மாவாக உதிரும்.

ஈசூன் அக்கா:

தம்பி சொன்ன எல்லாம் சரி. ஆனால் கிழங்கு தப்பாகப் போனால் எவ்வளவு சுட்டாலும் மாவாக வராது. பேரங்காடியில் ரசெட் என்று கேட்டு வாங்குங்கள்: பழுப்புத் தோல், சொரசொரப்பு, நீள வடிவம். மாவுச்சத்து அதிகம், நீர் குறைவு. ஈரச் சந்தையில் ஹாலந்து என்ற பெயரில் கிடைக்கும் மஞ்சள் கிழங்கு கறிக்கு அருமை, குழம்பில் உடையாது. அந்த உடையாத குணம்தான் இங்கே இடைஞ்சல்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் சீக்கிரம் முளைத்துவிடுகிறது என்று கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கிறோம். அந்தக் குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். சுடும்போது தோல் சீக்கிரம் கருகும், உள்ளே லேசாகத் தித்திக்கும். வேண்டியதை மட்டும் வாங்கி, காற்றோட்டமான கூடையில் இருட்டான மூலையில் வையுங்கள். பச்சை படர்ந்த கிழங்கு வேண்டவே வேண்டாம்.

தெம்பனிஸ்வாசி:

அலுமினியத் தாள் சுற்றவேண்டுமா, வேண்டாமா? எல்லாரும் சுற்றுகிறார்களே.

பிடோக்காரர்:

வேண்டாம். தாள் சுற்றினால் கிழங்கிலிருந்து கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லை. தன் ஆவியிலேயே வேகும். அதற்குப் பெயர் அவித்தல். அவித்த கிழங்கு வேண்டுமென்றால் வீட்டுக் குக்கரே போதும், கிரில் எதற்கு? சுட்ட தோல் காய்ந்து, விரலால் தட்டினால் தாள் போலச் சரசரக்க வேண்டும்.

கழுவித் துடைத்து, முள்கரண்டியால் ஆறேழு இடத்தில் குத்துங்கள். 125 மில்லி தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் புரட்டி எடுத்து அப்படியே கம்பியில் வைக்கலாம். தண்ணீர் காய்ந்து உப்பு தோலில் மெல்லிய வெள்ளைப் பூச்சாக நிற்கும். எண்ணெய் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். முதலிலேயே தடவினால் தோலின் ஈரம் வெளியேறத் தாமதமாகித் தோல் சவ்வாகும்; சொட்டும் எண்ணெயில் தீயும் குபீரென்று எழும்பும்.

தாளைப் பற்றி இன்னொன்று, இது உடம்பு சம்பந்தப்பட்டது. மண்ணிலிருந்து ஒட்டிவரும் பாட்டுலிசம் (உடம்பை முடக்கும் உணவு நஞ்சு நோய்) கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டில் சாவதில்லை. தாளுக்குள் காற்றில்லாத ஈரம், வெளியே 30 டிகிரி வெயில்: அவை முளைக்க வாகான இடம். 1994இல் அமெரிக்காவின் எல் பாசோ நகரில், தாள் சுற்றிச் சுட்டு அறை வெப்பத்திலேயே விட்டுவைத்த கிழங்கில் செய்த டிப்பை ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 30 பேருக்கு இந்த நோய் வந்தது. சுற்றியே ஆகவேண்டும் என்றால், இறக்கியதும் தாளைப் பிரித்துவிடுங்கள். மிச்சத்தைத் தாளில்லாமல் குளிர்பெட்டியில் வையுங்கள், மேசையில் இரவு முழுக்கக் கிடக்கவிடாதீர்கள்.

தெம்பனிஸ்வாசி:

நன்றி அண்ணே. எங்கள் காண்டோ கிரில்லில் மூடியே கிடையாது. வெறும் தட்டுக் கம்பி.

பொங்கோல்காரர்:

ஆழமான அலுமினியத் தட்டு ஒன்றைக் கிழங்கின் மேல் கவிழ்த்து வையுங்கள். ஓரத்தில் விரல் அளவு இடைவெளி இருக்கட்டும், ஆவி போகவேண்டும். ஆனாலும் 200 டிகிரி வராது. அதனால் வீட்டிலேயே மைக்ரோவேவில் பாதி வேகவைத்துக்கொண்டு வருவது நல்லது: குத்திய ஒரு கிழங்குக்கு 5 நிமிடம், நடுவில் ஒரு முறை திருப்பி. பிறகு கவிழ்த்த தட்டின் கீழ் 25 நிமிடம். தோல் முழு அடுப்பில் வந்தது போல மொறுமொறுக்காது, ஆனால் நடுவில் பச்சை இருக்காது.

உட்லண்ட்ஸ்காரர்:

தரைவீட்டுக்காரர்கள் கவனிக்க. சிலிண்டர் கிரில்லைக் குழாய் எரிவாயுவில் அப்படியே மாட்டக்கூடாது. சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன்; நம் குழாய் எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம், ஒரே அளவு வாயுவில் சூடு குறைவு. சிலிண்டர் கிரில்லின் ஜெட் துளை (பர்னருக்கு வாயு வரும் துளை) சிறியது. மாற்றாமல் மாட்டினால் சூடு ஏறாது, தீ பர்னருக்குள் பின்வாங்கவும் கூடும். உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் கொடுத்துச் செய்யுங்கள். சிலிண்டர் என்றால் ரப்பர் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தீ நீலமாக இருக்கவேண்டும். மஞ்சளாக ஆடினால் கிழங்குத் தோலில் புகைக்கரி படியும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் நடைபாதையில் கிரில் வைக்கும் யோசனையே வேண்டாம்.

ஈசூன் அக்கா:

இறக்கியதும் உடனே வெட்டிவிடுங்கள். மேலே கூட்டல் குறி போட்டு, இரண்டு முனையையும் துணியால் பிடித்து உள்நோக்கி அமுக்கினால் பிளந்து ஆவி குப்பென்று போகும். வெட்டாமல் வைத்தால் அந்த ஆவியே உள்ளே தண்ணீராகிப் பசையாகிவிடும். நெய், மிளகுத்தூள், அதன்மேல் ஒரு கரண்டி நெத்திலி சம்பல். சீஸைவிட இது பொருந்தும்.

காண்டோ கிரில்லுக்குக் கிடைத்த முன்பதிவு நேரம் குறைவாக இருந்தால் கிழங்கை முதலில் ஏற்றுங்கள். முக்கால் மணி நேரம் கழித்து, எரியும் பர்னர் மேல் கோழியை வைத்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.