பதக்கம் பெற்றவருக்கு நித்திரை ஏன் வரவில்லை? ஓடி மேர்பியின் பிற்கால வாழ்வு பற்றி ஒரு கேள்வி

கிளிநொச்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கு இரண்டாம் உலகப் போரைக் கற்பிப்பதற்காக வாசித்தபோது ஓடி மேர்பி என்ற அமெரிக்கப் படைவீரரைப் பற்றி அறிந்தேன். 1945 ஜனவரி 26 ஆம் திகதி, பிரான்சின் ஹோல்ட்ஸ்விர் என்ற ஊருக்கு அருகே, தீப்பற்றிய கவச வாகனத்தின் மேல் ஏறி நின்று, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் ஜேர்மன் படையை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாகத் தடுத்தமைக்காக, 19 வயதில் அந்நாட்டின் அதியுயர் படைத்துறை விருதைப் பெற்றவர் அவர். போருக்குப் பின்னர் அவர் தலையணையின் கீழ் குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டே படுத்தார் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் அன்று என்னால் வாசிக்க முடியவில்லை.

என் அண்ணா ஒரு முன்னாள் போராளி. போருக்குப் பின்னர் புனர்வாழ்வு முடித்து 2011 இல் வீடு திரும்பியவர். இன்றும் இரவில் படலையைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார். ஊர்க்கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும் நாளில் வயலுக்குப் போய்விடுவார். மேர்பி எஞ்சிய காலத்தை எப்படிக் கழித்தார், அவருக்கு எதுவாவது ஆறுதல் தந்ததா என்பதை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மாங்குளம் வாசகர்:
நீங்கள் வாசித்த வரி உண்மையே. மேர்பி ரெக்சஸ் மாநிலத்தில், பிறர் நிலத்தில் பருத்தி விளைவித்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போனார். 1941 இல் தாயும் இறந்தார். அடுத்த ஆண்டு வயதைக் கூட்டிக் காட்டிப் படையிற் சேர்ந்தார். போர் முடிந்தபோது அவர் பெயரை நாடே அறிந்திருந்தது, ஆனால் தாய் காத்திருக்கும் வீடு என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை.

சஞ்சிகை அட்டையில் அவருடைய படத்தைக் கண்ட நடிகர் ஜேம்ஸ் காக்னி ஹொலிவூட்டுக்கு அழைத்தார். தொடக்கத்தில் வாய்ப்புக் கிடைக்காமல் ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலே படுத்துறங்கிய அவர், பின்னர் 40 க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1955 இல் தன் சொந்தப் போர் வாழ்வைச் சொல்லும் படத்தில் தன் பாத்திரத்தில் தானே நடித்தார். அந்தப் படம் பெருவெற்றி பெற்றது என்பதையே பலரும் எழுதுகிறார்கள். தோழர்கள் இறந்த நிகழ்வுகளை ஒளிப்படக் கருவியின் முன்னே மீண்டும் வாழ்ந்து காட்டுவது அந்த மனிதருக்கு என்ன செய்திருக்கும் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருக்கிறது.

முதல் மனைவியை நோக்கித் துப்பாக்கியை நீட்டியதும் உண்டு. அந்த மணவாழ்வு 1951 இல் முறிந்தது. சூதாட்டத்தில் பணம் போனது. நித்திரை மாத்திரைக்கு அடிமையானதை உணர்ந்தபோது, ஓர் அறையில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு அதை விட்டார். பணமுடை இருந்தபோதிலும் மது, சிகரெட் விளம்பரங்களில் நடிக்க மறுத்துவிட்டார். ஆனால் அவர் செய்தவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது வேறு: தன் நித்திரையின்மையையும் மனச்சோர்வையும் வெளிப்படையாகச் சொல்லி, கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் திரும்பியவர்களின் மனநலத்தை அரசு கவனிக்க வேண்டும் என்று கேட்டார். 1971 மே 28 இல் வேர்ஜினியாவில் ஒரு மலையில் விமானம் மோதியதால், 46 வயது நிரம்பும் முன்னரே இறந்தார். அவர் பெற்ற அதியுயர் படைத்துறை விருதைப் பெற்றவர்களின் கல்லறை எழுத்துகளுக்குப் பொன்முலாம் பூசுவது வழக்கம். அவருடைய கல், அவர் விரும்பியபடியே, மற்றப் படையினரின் கல்லைப் போலச் சாதாரணமாக இருக்கிறது.

வவுனியா உளவளத்துணையாளர்:
ஐயா எழுதியவற்றுள் ஒன்றைப் பற்றி எச்சரிக்கை தேவை. அறையைப் பூட்டிக்கொண்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதை எவரும் பின்பற்றக் கூடாது. அத்தகைய மருந்துகளைச் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மேர்பியின் காலத்தில் இதனைப் போர்க்களைப்பு என்றார்கள். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நாம் இன்று சொல்லும் நோய்க்கு அமெரிக்க மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்தது 1980 இல், அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர். இன்று இதற்குச் சிகிச்சை உண்டு. கெட்ட கனவுகளையும் குறைக்கலாம்.

தங்கை, அண்ணாவின் கதிரையை அகற்ற வேண்டாம். வீட்டைக் காக்கிறேன் என்ற உணர்வை அது அவருக்குத் தருகிறது. அவர் திடுக்கிட்டு எழும்பினால் தொடாமல், சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மேர்பி பகிரங்கமாகப் பேச முடிந்தது. எங்கள் பிள்ளைகள் பலர், பேசினால் விசாரணை வருமோ என்று அஞ்சியே வாயை மூடியிருக்கிறார்கள். ஆகவே எந்தச் சண்டை, எத்தனை பேர் என்று தோண்டாமல், அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம்.

முள்ளியவளை வாசகி:
நான் ஒரு முன்னாள் போராளியின் மனைவி. மேர்பியின் இரண்டாவது மனைவி பமெலா, கணவர் இறந்த பின்னர் முன்னாள் படையினருக்கான வைத்தியசாலையில் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பணியாற்றினார் என்பதையும் இங்கே சேர்க்க விரும்புகிறேன். ஒரே வீட்டில் இருபது ஆண்டுகள் கண்டதை அவர் அங்கே எத்தனை பேரில் கண்டிருப்பார்!

என் கணவருக்கு ஒரு கால் இல்லை. முதுகில் செல் துண்டு இன்னும் இருக்கிறது. ஓய்வூதியமும் இல்லை. வேலை கேட்டுப் போன இடங்களில் அவருடைய கடந்த காலத்தை அறிந்ததும் மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மாடுகள் வாங்கிய பின்னரே சிறிது மாற்றம் வந்தது. விடியற்காலை நான்கு மணிக்கு விழித்திருப்பது அதுவரை நோயாக இருந்தது. பால் கறக்கத் தொடங்கியதும் அதுவே தொழிலின் நேரமாகிவிட்டது. இப்போது மதியம் இரண்டு மணி நேரம் நன்றாக உறங்குகிறார். மேர்பியும் குதிரை வளர்த்தவர் என்று அறிந்தபோது எனக்கு அது வியப்பாக இருக்கவில்லை.

கிளிநொச்சி ஆசிரியை:
ஐயாவுக்கும் அக்காமாருக்கும் நன்றி. ஒவ்வொரு இரவும் அந்தக் கதிரையை உள்ளே எடுத்து வைத்து, அண்ணாவைப் படுக்கச் சொல்லி வற்புறுத்தியவள் நான்தான். நேற்று அதை அங்கேயே விட்டுவிட்டு, ஒரு தேநீரும் வைத்துக் கொடுத்தேன். மனநலப் பிரிவுக்கு முதல் தடவை அவரோடு நானும் உள்ளே போகலாமா, அல்லது அவர் தனியாகப் பேசுவதுதான் நல்லதா?

வவுனியா உளவளத்துணையாளர்:
அதை அண்ணாவிடமே கேளுங்கள். வரச் சொன்னால் கூடப் போங்கள். வேண்டாம் என்றால் வெளியே வாங்கிலில் இருங்கள், ஆனால் அவர் வரும்வரை எழும்பிப் போக வேண்டாம்.