ஏடிஎக்ஸ் ஃபுளோரன்ஸ்: இப்படி ஒரு சிறை தேவைதானா?

வேலவன்:
அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1994-ல் திறந்த ஏடிஎக்ஸ் என்ற உச்சப் பாதுகாப்புச் சிறையைப் பற்றி இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கைதிக்கு 7 அடிக்கு 12 அடி அறை. கட்டில், மேசை, முக்காலி எல்லாமே கான்கிரீட். ஜன்னலின் அகலம் 4 அங்குலம். அதில் வானம் ஒரு கீற்றாகத் தெரியும். தான் கட்டடத்தின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்றுகூடக் கைதிக்குப் புரியாது. தினமும் ஏறக்குறைய 23 மணி நேரம் உள்ளேதான். அங்கே வார்டனாக இருந்த ராபர்ட் ஹூட்டே அதை நரகத்தின் சுத்தமான வடிவம் என்று சொல்லியிருக்கிறார். குற்றவாளியை அடைத்து வைப்பது சரி. மனிதரோடு பழகவே விடாமல் வருடக்கணக்கில் வைப்பது சித்திரவதை. இதை மூட வேண்டும்.

மருதன்:
ஏன் கட்டினார்கள் என்பதை விட்டுவிட்டீர்களே வேலவன். மிக ஆபத்தான கைதிகளை அடைத்துவைத்த அல்கட்ராஸ் தீவுச் சிறையை 1963-ல் மூடிய பிறகு அதன் இடத்தைப் பிடித்தது இல்லினாய் மாநிலத்தின் மாரியன் சிறை. 1983 அக்டோபர் 22 அன்று அங்கே தாமஸ் சில்வர்ஸ்டீன் என்ற கைதியைக் குளியலறையிலிருந்து விலங்கோடு கூட்டி வருகிறார்கள். வழியில் இன்னொருவனின் அறைக் கம்பியருகே நிற்கிறான். உள்ளே இருப்பவன் கள்ளச்சாவியால் விலங்கைக் கழற்றி, கத்தியையும் கையில் கொடுக்கிறான். மெர்ல் கிளட்ஸ் என்ற காவலர் குத்துப்பட்டுச் செத்தார். சில மணி நேரத்தில் கிளேட்டன் ஃபவுண்டன் என்பவன் அதே முறையில் ராபர்ட் ஹாஃப்மன் என்ற காவலரைக் கொன்றான். இரண்டு பேருமே ஏற்கெனவே ஆயுள் கைதிகள். இன்னொரு ஆயுள் தண்டனைக்கா பயப்படப் போகிறார்கள்? என் அண்ணன் சிறைக் காவலர். அவருக்கு இரவுப் பணி என்றால் அம்மா தூங்கியதே இல்லை. கைதியின் மனநிலையைப் பற்றிப் பேசும்போது அந்த இரண்டு குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள்.

தாமரை:
உங்கள் அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது மருதன், அதைச் சிறிதாக்க மாட்டேன். ஆனால் கொன்றவர்கள் இரண்டு பேர். அறைக்குள் பூட்டிவைத்ததோ மாரியன் கைதிகள் எல்லாரையும், அதுவும் 2006 வரை, 23 ஆண்டுகள். அந்த லாக்டவுனைத்தான் கான்கிரீட்டில் நிரந்தரமாக்கி ஏடிஎக்ஸ் என்று கட்டினார்கள்.

தனிமைச் சிறை புதிய யோசனையும் இல்லை. ஃபிலடெல்ஃபியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை 1829-ல் இதே முறையில்தான் தொடங்கியது. தனியாக விட்டால் மனம் திருந்துவான் என்று நல்லெண்ணத்தோடு நம்பினார்கள். 1842-ல் அதை நேரில் பார்த்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதைவிட இது கொடியது என்று எழுதினார். 1890-ல் மெட்லி என்ற கைதியின் வழக்கில், இப்படி வைக்கப்பட்டவர்களில் பலர் சுயநினைவு மங்கிப்போனார்கள், சிலர் பைத்தியமானார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே பதிவு செய்தது. மெட்லி இருந்தது கொலராடோவில். 104 ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் ஏடிஎக்ஸைத் திறக்கிறார்கள். படித்தபோது என் மனசு ஆறவே இல்லை.

மருதன்:
19-ஆம் நூற்றாண்டுச் சிறையோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லை. ஏடிஎக்ஸில் புத்தகம் உண்டு, தொலைக்காட்சி உண்டு. 2012-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே, பயங்கரவாதக் குற்றச்சாட்டில் பிரிட்டனிலிருந்து அமெரிக்கா கேட்ட பாபர் அகமதுவின் வழக்கில், அங்கே அனுப்புவது மனித உரிமை மீறலாகாது என்று தீர்ப்பளித்தது. அங்கே இருப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். 1993 உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்பை நடத்திய ரம்ஸி யூசுஃப். மெக்சிகோவின் உயர்பாதுகாப்புச் சிறைகளிலிருந்து இரண்டு முறை தப்பிய போதைப்பொருள் கும்பல் தலைவன் எல் சாப்போ. ஏடிஎக்ஸிலிருந்து இதுவரை யாரும் தப்பியதில்லை.

வேலவன்:
எல்லாரும் எல் சாப்போ இல்லையே. அங்கே போன ஒருவர் ஆயுதம் இல்லாமல் வங்கியில் கொள்ளையடித்தவர். வேறொரு சிறையில் ஒரு கொலையை நேரில் பார்த்து, கொன்ற கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். பிறகு உயிருக்குப் பயந்து தப்பி ஓடிப் பிடிபட்டதால் ஏடிஎக்ஸ். அந்தத் தனிமையில் தன் விரல்களையும் காது மடல்களையும் தானே அறுத்துக்கொண்டார். மனநோயாளிகளை அங்கே அனுப்பக் கூடாது என்று சிறைத்துறையின் சொந்த விதியே இருந்தது. அதை மீறியதாக 2012-ல் கைதிகள் வழக்குப் போட்ட பிறகுதான் மனநலச் சிகிச்சையில் மாற்றம் வந்தது; வழக்கு 2016-ல் சமரசத்தில் முடிந்தது.

நெய்தல்:
ஒரு தகவல். அந்தச் சிறைவளாகத்துக்கான 600 ஏக்கரை வட்டார மக்களே பணம் திரட்டி வாங்கிக் கொடுத்தார்கள், வேலை கிடைக்கும் என்று. மூடுவதைப் பற்றிப் பேசினால் அவர்கள் பிழைப்பையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மருதன்:
மனநோயாளிகள் விஷயத்தில் வேலவன் சொல்வதை ஏற்கிறேன். அவர்களுக்கு மருத்துவமனைதான் வேண்டும். ஆனால் சில்வர்ஸ்டீனை எங்கே வைப்பீர்கள்?

தாமரை:
அவர் 1983 முதல் 2019-ல் சாகும்வரை, 36 ஆண்டுகள் தனிமையில் இருந்தார். கொல்லும்போது வயது 31, சாகும்போது 67. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 15 நாளுக்கு மேல் தனிமையில் வைக்கக் கூடாது என்கின்றன. முதல் சில ஆண்டுகளுக்குக் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன். கடைசி 10 ஆண்டுகளுக்கு என்ன காரணம்?

மருதன்:
15 நாள் என்பதை என்னால் ஏற்க முடியாது. அப்புறம், அந்தக் கடைசி 10 ஆண்டுகளுக்கு என்னிடமும் பதில் இல்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வெளியார் குழு ஒன்று ஒவ்வொரு கைதியையும் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் அந்தக் குழுவில் காவலர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.