மழைப் படத்தில் விழும் வெண்கோடு: தாரையா, துளித்தடமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

மழை நாளில் தெருவில் படம் எடுப்பவர்களுக்கான கையேட்டின் சொற்பட்டியல் ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. மழைத்துளி படத்தில் மெல்லிய வெண்கோடாக விழுமே, அதற்கு என்ன பெயர் வைப்பது? மழைக்கோடு, மழையிழை, தாரை என்று மூன்று வந்திருக்கின்றன. எனக்குத் தாரை பிடித்திருக்கிறது. "தாரை தாரையாக" என்பது எல்லார் வாயிலும் புழங்குவது, விளக்கமே வேண்டாம்.

மறுமடல்

> எனக்குத் தாரை பிடித்திருக்கிறது.

நல்ல சொல்தான், இந்த இடத்துக்கு ஒட்டாது. தாரை என்றால் அறுபடாத ஒழுக்கு. கூரை விளிம்பிலிருந்து கொட்டுவது தாரை. அது கண்ணுக்கே கோடாகத் தெரியும். நாம் பெயர் தேடும் கோடு அப்படி ஓர் ஒழுக்கல்ல. ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரை, திறந்திருந்த நேரத்துக்குள் ஒரே துளி கடந்த தூரம் அது. 2 மி.மீ. துளி நொடிக்கு ஏறக்குறைய 6.5 மீட்டர் வேகத்தில் இறங்கும். 1/60 நொடியில் 11 செ.மீ., 1/125-ல் 5 செ.மீ., 1/1000-ல் வெறும் 6.5 மி.மீ. 35 மி.மீ. லென்ஸோடு ஃபுல்ஃபிரேம் (36×24 மி.மீ. உணரி கொண்ட) கேமராவைக் கிடையாகப் பிடித்தால், 2 மீட்டர் தொலைவில் சட்டத்தின் உயரத்துக்குள் சுமார் 1.35 மீட்டர் அடங்கும். அங்கே விழும் துளி 1/60-ல் அந்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீளத்துக்குக் கோடு இழுக்கும். 1/1000-ல் தூசி விழுந்தது போல இருக்கும். மழை பெய்ததே படத்தில் ஏறாது.

ஆகவே சொல்லுக்குள் நகர்வு இருக்க வேண்டும். விண்மீன் தடம், ஒளித்தடம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அந்தக் குடும்பத்திலேயே "துளித்தடம்" சேரட்டும். நீளத்தைக் குறிக்கத் "தடநீளம்" தானாகவே கிடைத்துவிடும்.

மறுமடல்

துளித்தடம் என்றதும் தரையில் துளி பட்ட ஈரக்குறி என்று ஒருவர் நினைத்துவிட மாட்டாரா?

தவிர, நேரம் கூடினால் கோடு நீளும் என்று மட்டும் எழுதினால், 1/8-ல் எடுத்துவிட்டு மழையைக் காணோமே என்று தேடுவார்கள். தடம் நீள நீள வெளிறும். அதே 2 மி.மீ. துளி ஒரு புள்ளியைக் கடக்க 0.3 மில்லிநொடிதான் ஆகும். மிச்ச நேரம் முழுக்க அந்தப் புள்ளியில் பதிவது பின்னணி. பின்னணி வெளிர் சுவராகவோ வானமாகவோ இருந்தால் தடம் அதில் கரைந்துவிடும். இருண்ட வாசல், நிழலான சந்து, கருங்குடை போன்றவற்றைப் பின்னால் வைத்து, தெருவிளக்கோ வண்டி விளக்கோ துளிக்குப் பின்பக்கமிருந்து வருமாறு நின்றால், 1/60 முதல் 1/250 வரை தடம் பளிச்சென்று நிற்கும். பலர் ஷட்டரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். இரண்டடி நகர்ந்து நின்றாலே போதும்.

மறுமடல்

> ஈரக்குறி என்று ஒருவர் நினைத்துவிட மாட்டாரா?

விண்மீன் தடம் என்றால் வானத்தில் தடம் கிடக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. "படத்தில்" என்ற ஒரு சொல்லை விளக்கத்தில் சேர்த்தால் தீர்ந்தது. நானும் துளித்தடத்தின் பக்கம்.

ஃபிளாஷ் போட்டால் முகத்துக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் மிதக்குமே, அதற்கும் இப்போதே பெயர் வேண்டும். இரண்டையும் "மழைக் குறை" என்று ஒரே பெயரில் கட்டினால் திருத்தும் வழி குழம்பும். இங்கே ஷட்டரைத் தொட்டுப் பயனில்லை. லென்ஸுக்கு ஓரடி முன்னால் விழும் துளிமீது ஃபிளாஷ் ஒளி மிகக் கடுமையாகப் படுகிறது. அது குவியத்துக்கு வெளியே இருப்பதால் வட்டமாக ஊதிவிடுகிறது. ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பெரும்பகுதி மறையும். இதற்குத் "துளிப்பொட்டு" என்பேன்.

இரண்டும் ஒரே துளியில் சேர்ந்து வருவதும் உண்டு. 1/30-ல் தெருவெளிச்சம் தடத்தை இழுக்க, ஃபிளாஷ் பொட்டை வைக்கும். ஷட்டர் திறந்தவுடன் ஃபிளாஷ் அடித்தால் பொட்டு தடத்தின் மேல்முனையில் நிற்கும். துளி மேல்நோக்கிப் பாய்வது போல ஓர் உறுத்தல். மூடுவதற்குச் சற்றுமுன் அடிக்குமாறு வைத்தால் பொட்டு கீழ்முனைக்கு வரும், தடம் அதன் தலைக்குமேல் வாலாக நீளும். இதை விளக்கத் தடம், பொட்டு என்ற இரண்டு சொல்லே போதுமானதாக இருக்கிறது.

பட்டியலுக்கு என் வரைவு:

துளித்தடம்: ஷட்டர் திறந்திருக்கும்போது விழும் மழைத்துளி படத்தில் பதிக்கும் கோடு.

துளிப்பொட்டு: லென்ஸுக்கு அருகே விழும் துளி ஃபிளாஷ் ஒளியில் படத்தில் பதிக்கும் வெண்வட்டம்.

லென்ஸ் கண்ணாடிமேலேயே துளி ஒட்டிக்கொண்டு ஒரு மூலை கலங்கிப்போவதற்கு "துளிக்கலங்கல்" என்று யோசித்திருக்கிறேன். லென்ஸின் துளை அகலமாகத் திறந்த எஃப்/2-ல் லேசான மங்கலாகவும், துளை சுருங்கிய எஃப்/16-ல் விளிம்பு தெரியும் கறையாகவும் அது மாறுவதால், ஒரே சொல் இரண்டையும் தாங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.