கோப்பை ஜெயிச்ச பிறகும் பேட்மிண்டன் ரேங்க் ஏன் இறங்குது?

கேள்வி (மார்த்தாண்டம்): போன வாரம் பட்டம் வென்ற ஒரு ஆட்டக்காரர், செவ்வாய்க்கிழமை வர்ற உலக ரேங்க் பட்டியலில் கீழே போயிட்டாரு. இது எப்படி அண்ணே?

பதில் (நாகர்கோவில்): கணக்கில் இருப்பது கடைசி 52 வாரம் மட்டும். அதிலும் சிறந்த 10 போட்டிகளின் புள்ளிதான் கூட்டப்படும். சூப்பர் 1000, 300, 100னு போட்டிகளுக்குத் தரம் உண்டு, எண் பெருசானா புள்ளியும் கூடும். போன வருஷம் சூப்பர் 300 ஜெயிச்ச 7000 புள்ளி கழிந்து, இந்த வருஷம் சூப்பர் 100 ஜெயிச்ச 5500 உள்ளே வந்தா, மொத்தத்தில் 1500 நட்டம். கோப்பை என்னவோ வீட்டுல இருக்கும்!

நம்ம இந்திய ஆட்டக்காரர் கிடாம்பி ஸ்ரீகாந்த்தைப் பாருங்க. 2017-ல் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, டென்மார்க், பிரான்ஸ்னு நாலு சூப்பர் சீரிஸ் (அப்போதைய உயர்தரப் போட்டிகள்) பட்டம். 2018 ஏப்ரலில் உலக முதலிடம். அந்தப் புள்ளிகளுக்கு வயசு ஓராண்டுதானே, ஈடு வராததால் இறங்கினார்.

பதில் (தக்கலை): கீழ்மட்டப் போட்டியான ஃப்யூச்சர் சீரிஸில் பட்டத்துக்கே 1700தான். சூப்பர் 1000-ல் முதல் சுற்றிலேயே தோற்றாலும் 3000. ஆனா அங்கே நுழையவே நல்ல ரேங்க் வேணும், அதுதான் சிக்கல். நடுவில் இருக்கிற இன்டர்நேஷனல் சேலஞ்ச் போட்டிகள் (பட்டத்துக்கு 4000) வழியா ஏறுறதுதான் நடைமுறை.

கேள்வி (மார்த்தாண்டம்): 10 போட்டி ஆடாதவருக்கு?

பதில் (நாகர்கோவில்): ஆடினது அத்தனையும் கூட்டுவாங்க, சராசரி கிடையாது. அதனால காயத்துல உட்கார்ந்தா சரிவு வேகமா இருக்கும். இரட்டையரில் புள்ளி ஜோடிக்குச் சொந்தம். கூட்டாளி மாறினா புது ஜோடிக்குப் பூஜ்யம்தான் மக்கா.