வால்வு ஆம்ப்ளிஃபயரின் ஒலி: வேறுபாடு வால்வில் உள்ளதா, ஸ்பீக்கரில் உள்ளதா?

தம்பூராச் செவி (கேள்வி):
வணக்கம். என்னிடம் 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று உள்ளது. நண்பர் ஒருவர் 300பி வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்) கொண்ட, சேனலுக்கு 8 வாட் மட்டுமே தரும் சிங்கிள் எண்டட் (முழு அலையையும் ஒரே வால்வு பெருக்கும்) ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து என் ஸ்பீக்கர்களிலேயே இணைத்துக் காட்டினார். வீணையின் மந்தர ஸ்தாயி கனத்து ஒலித்தது; பாடகரின் குரலும் ஓரடி முன்னே வந்ததுபோல் இருந்தது. இது வால்வின் இயல்புதானா, அல்லது கண்ணாடிக்குள் ஒளிரும் இழையைப் பார்த்து நான் மயங்கினேனா? ஸ்பீக்கரில் 8 ஓம் என்று அச்சிட்டிருந்தாலும், அதன் வரைபடத்தில் இம்பிடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) அதிர்வெண்ணுக்கேற்ப 4 ஓமுக்கும் 30 ஓமுக்கும் இடையே ஏறி இறங்குகிறது.

சர்க்யூட் வாசகன்:
நீங்கள் கேட்டது பெரும்பாலும் மெய்யான வேறுபாடுதான்; அதற்கான காரணம் உங்கள் கடைசி வரியில் இருக்கிறது. எதிர்ப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைக் குறைக்கும் முறை) இல்லாத 300பி ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு இம்பிடன்ஸ் 2 ஓம் அளவில் இருப்பது சாதாரணம். அந்த 2 ஓமும் ஸ்பீக்கரும் தொடரில் நின்று மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதால், ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் அதிர்வெண்ணில் ஏறக்குறைய 3.5 டெசிபெல் இழப்பும், 30 ஓமாக இருக்கும் இடத்தில் 0.6 டெசிபெல் இழப்பும் ஏற்பட்டு, தட்டையாக இருக்க வேண்டிய கோடு 3 டெசிபெல் வரை மேடுபள்ளமாகிறது. வெளியீட்டு இம்பிடன்ஸ் 0.05 ஓமாக உள்ள டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இதே வேறுபாடு 0.1 டெசிபெல் மட்டுமே. இம்பிடன்ஸ் பொதுவாக வூஃபரின் (தாழ்சுருதி ஸ்பீக்கரின்) ஒத்ததிர்வுப் பகுதியிலும், தாழ்சுருதியையும் மேல்சுருதியையும் பிரிக்கும் கிராஸோவரை ஒட்டியும் மேலெழுகிறது; கனத்த மந்தரத்துக்கும் முன்வந்த குரலுக்கும் இதுவே விளக்கமாகலாம். வேறொரு ஸ்பீக்கரில் இதே வால்வு வேறு விதமாக ஒலிக்கும் என்பதால், ஸ்பீக்கர் எது என்று சொல்லாமல் "வால்வு ஒலி இதமானது" என்று எழுதும் மதிப்புரைகளை நான் பொருட்படுத்துவதில்லை.

பழைய ரேடியோ:
முன்னவர் சொன்னது சரியே, ஆனால் கதை அதோடு முடியவில்லை. 300பி போன்ற சிங்கிள் எண்டட் ட்ரையோடின் (மூன்று மின்முனை வால்வின்) உருக்குலைவில் இரண்டாம் சீரிசையே, அதாவது மூல அதிர்வெண்ணின் இருமடங்கே, மேலோங்கி நிற்கும். ஸட்ஜம் ஒலித்தால் இரண்டாம் சீரிசை மேல் ஸட்ஜம். மூன்றாவது, அந்த மேல் ஸ்தாயியின் பஞ்சமம். மூல ஒலியோடு கலந்துவிடும் மேல் ஸட்ஜத்தை நம் காது குற்றமாக எண்ணுவதே அரிது. 1 வாட்டுக்கு 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் 8 வாட்டால் 1 மீட்டர் தொலைவில் 96 டெசிபெல்லைத்தான் எட்ட முடியும் என்பதால், மிருதங்கத்தின் உச்சங்கள் அந்த ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கே தள்ளியிருக்கும். எல்லை மீறும்போது வால்வு அலையை மெல்ல மழுக்குகிறது. பின்னூட்டம் மிகுந்த டிரான்சிஸ்டர் சட்டென்று வெட்டுகிறது. வால்வையும் டிரான்சிஸ்டரையும் ஒப்பிட்டு 1973-இல் ரஸ்ஸல் ஹேம் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையும் மிகைச்சுமையில் உள்ள மைக் முன்பெருக்கிகளைப் பற்றியதே. அதை எல்லா ஆம்ப்ளிஃபயர்களுக்கும் ஓசைப்படாமல் நீட்டிவிடுகிறார்கள்.

அளவுகோல்:
ஒரு திருத்தம். "வால்வு என்றாலே இரட்டைச் சீரிசை (2, 4, 6 மடங்குகள்)" என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. இரு வால்வுகள் எதிரெதிராக இயங்கும் புஷ்-புல் அமைப்பில் வெளியீட்டு நிலையின் இரட்டைச் சீரிசைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று நீக்கிவிடும். 1947-இல் வெளியான வில்லியம்சன் புஷ்-புல் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பு, கேடி66 வால்வுகளையும் 20 டெசிபெல் பின்னூட்டத்தையும் கொண்டே 15 வாட்டில் உருக்குலைவை 0.1 சதவீதத்துக்குள் அடக்கியது. அதில் இதத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

1978-இல் ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கும் குவாட் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் மொய்ர் நடத்திய தேர்வில், வால்வு கொண்ட குவாட் II, டிரான்சிஸ்டர் கொண்ட 303, 405 ஆகிய மூன்றையும் ஒலியளவைச் சமன்செய்து, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. நடத்தச் சொன்னவர் விற்பனையாளர் என்பதையும் சேர்த்தே எடைபோடுங்கள். 1985-இல் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் என்னும் ஆடியோ இதழின் ஆசிரியர்களுக்கு இதையே மறுதிசையில் செய்துகாட்டினார்: தம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டிலிருந்து ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டைக் கழித்து, எஞ்சிய வேறுபாடு சுமார் 70 டெசிபெல் கீழே போகும்வரை திருத்தினார், அதன் பிறகு அவர்களால் இரண்டையும் வேறுபடுத்த இயலவில்லை. டிரான்சிஸ்டருக்கு 1960-களில் வந்த கெட்ட பெயருக்கு, அலை நேர்ப்பகுதியிலிருந்து எதிர்ப்பகுதிக்கு மாறும் இடத்தில் தோன்றி மெல்லொலியிலும் கரகரக்கும் கிராஸோவர் உருக்குலைவு (ஸ்பீக்கரின் கிராஸோவர் வேறு) முக்கியக் காரணம். அந்தக் குறை தீர்ந்து நெடுநாளாகிறது.

தம்பூராச் செவி:
மிக்க நன்றி. அப்படியானால் என் ஆம்ப்ளிஃபயருடன் 2 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தால் அந்தக் கனம் கிடைக்குமா?

சர்க்யூட் வாசகன்:
இம்பிடன்ஸால் வரும் பகுதி கிடைக்கும். ஒவ்வொரு சேனலிலும் 10 வாட்டுக்குக் குறையாத வயர்வவுண்ட் ரெசிஸ்டரைப் பயன்படுத்துங்கள். அது சூடாகும் என்பதால் துணியருகே வைக்காதீர்கள். ஒப்பிடுவதற்கு முன் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்தி, ஸ்பீக்கர் முனைகளில் இரு ஆம்ப்ளிஃபயர்களின் மின்னழுத்தமும் 1 சதவீதத்துக்குள் ஒத்திருக்குமாறு ஒரே மீட்டரால் சரிசெய்யுங்கள். சிறிது உரக்க ஒலிப்பதையே காது சிறந்தது என்று சொல்லிவிடும். மாற்றுபவர் வேறொருவராக இருக்கட்டும். ஒலித்துக்கொண்டிருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கரை ஒருபோதும் கழற்றாதீர்கள். சுமையின்றி இயங்கினால் வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பழுதாகலாம். ரெசிஸ்டர் வைத்த பிறகும், தாழ்ந்த ஒலியளவிலும் நண்பருடையதை உங்களால் அடையாளம் காண முடிந்தால், பழைய ரேடியோ சொன்ன மேல் ஸட்ஜத்தை அடுத்துத் தேடலாம்.