திடீர் வயிற்றுவலி: மறக்க முடியாத கேஸ் எது?

குளச்சல் பக்கம், கேஷுவாலிட்டி:
விசைப்படகு ஆள், வயசு நாற்பது இருக்கும். முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபினாக் வாங்கி வெறும் வயிற்றில் போட்டுவந்தவர். விடியக்காலம் "வல்லாத்த வலி". வாயுத்தொல்லைதான் என்று வீட்டில் சோடா கொடுத்துவிட்டார்கள். மனுஷர் முழங்காலை மடக்கி, அசையாமல் கிடக்கிறார், வயிறு பலகை மாதிரி விறைப்பு. படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷம் சாய்த்து உட்காரவைத்து மறுபடி எடுத்ததும், வலது உதரவிதானத்துக்குக் கீழே நகக்கீற்று அளவுக்குக் கறுப்பு, குடலிலிருந்து வெளியேறிய காற்று. அந்தக் கீற்றுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) ஓட்டை. ஒமென்டத்தை (குடலை மூடிக் கிடக்கும் கொழுப்புத் திரை) மேலே வைத்து மூன்று தையல். முடிச்சை இறுக்கினால் ஒமென்டத்துக்கு ரத்தம் போகாது, திரும்பவும் ஒழுகும். ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: சர்ஜன் பார்க்கும்வரை வலி ஊசி வேண்டாம்.

மார்த்தாண்டம், தியேட்டர் நர்ஸ்:
காற்று தெரியாததால் ஓட்டை இல்லை என்று யாரும் இதைப் படித்து முடிவுகட்டிவிடக் கூடாது. சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுத்தே ஆகணும்.
நான் சொல்ல வந்தது ஒரு பாட்டி. மூன்று நாளாகப் பச்சை வாந்தி, வயிறு உப்பல், அல்சர் மருந்து மட்டும் போய்க்கொண்டிருந்தது. சேலையை விலக்கித் தொடையிடுக்கை யாருமே பார்க்கவில்லை. அங்கே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி, ஃபெமொரல் ஹெர்னியா, அதாவது தொடையிடுக்கு வழியாகக் குடல் பிதுங்கிச் சிக்கிக்கொண்டது. விடுவித்தபோது குடல் கருநீலம். வெதுவெதுப்பான சலைன் துணி சுற்றி, முழு ஆக்சிஜன் கொடுத்துக் காத்திருந்தும் நிறம் திரும்பவில்லை, அசைவும் இல்லை. அந்தத் துண்டை வெட்டித்தான் இணைக்க வேண்டிவந்தது.

ஆசாரிப்பள்ளம், ஐசியூ:
குளச்சல் அண்ணாச்சி, வலி ஊசி பற்றிச் சொன்னது பழைய வழக்கம். மார்ஃபினைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐவியில் கொடுத்தால் நோய் மறைந்துவிடாது. பல்லைக் கடித்துக் கிடப்பவரைவிட வலி தணிந்தவரின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது சுலபம். கூடாதது டைக்ளோபினாக்தான், அல்சருக்கும் ஆகாது கிட்னிக்கும் ஆகாது.
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். குலசேகரத்திலிருந்தோ தக்கலையிலிருந்தோ 108-இல் ஏற்றும் முன்னே ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய்) போடுங்கள். வழியில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் ஆளை இழக்க நேரும். செப்டிக் ஷாக் (கிருமித்தொற்று முற்றி பிரஷர் விழுவது) என்றால் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள், ரெஃபரல் சீட்டு எழுதும் வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். பிரஷர் விழுந்திருந்தால் ரிங்கர் லாக்டேட் டிரிப் உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி, அறுபது கிலோ ஆளுக்கு 1,800 மில்லி, மூன்று மணி நேரத்துக்குள். அப்போதும் சராசரி ரத்த அழுத்தம் 65 தொடவில்லையா, பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின். சென்ட்ரல் லைனுக்காக (இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்) காத்திருக்காமல் முழங்கைப் பக்கம் நல்ல வெயினில் தொடங்கலாம், ஊசி போட்ட இடம் வெளுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கணும். மூத்திரம் மணிக்கு 30 மில்லியாவது வரணும். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை இரண்டையும் சீட்டின் மேலேயே எழுதுங்கள்.

தக்கலை, எக்ஸ்ரே:
உட்காரவே முடியாதவரை என்ன செய்ய என்று கேட்பவர்களுக்கு: இடது பக்கம் கீழே வரும்படி பத்து நிமிஷம் ஒருக்களித்துப் படுக்கவைத்து எடுங்கள். காற்று ஈரலுக்கு மேல் ஏறி நிற்கும்.