42 அடி பழைய ட்ராலர் படகு: வாங்கிச் சீரமைக்கலாமா, விட்டுவிடலாமா?

கடலாசை:

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரின் மேற்குப் பக்க மரினா (படகுத்துறை) ஒன்றில் 42 அடி ட்ராலர் (மீன்பிடிப் படகின் வடிவில் கட்டிய உல்லாசப் படகு) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1981-இல் தைவானில் கட்டியது. ஃபைபர்கிளாஸ் ஹல் (படகின் உடற்கூடு), டெக்கில் (மேல்தளத்தில்) தேக்குப் பலகை, கேபின் சுவர் பிளைவுட் மேல் ஃபைபர். இரண்டு ஃபோர்டு லேமன் 120 இன்ஜின்கள். மீட்டரில் 4,800 மணி நேரம். நான்கு ஆண்டுகளாக ஓடாமல் மரினாவில் கட்டிப்போட்ட இடத்திலேயே நிற்கிறது. இடப்பக்கக் கதவுக்கு வெளியே டெக் காலடியில் அமுங்குகிறது. சலூன் (உட்காரும் கூடம்) ஜன்னல்களுக்குக் கீழே தண்ணீர்க் கறை. உரிமையாளர் கேட்பது 28,000 சிங்கப்பூர் வெள்ளி.

படகு, வேலை எல்லாம் சேர்த்து என்னால் 120,000 வெள்ளி வரை போட முடியும். இரண்டு ஆண்டு அவகாசம். மரவேலையும் ஃபைபர் வேலையும் தெரியும், வார இறுதிகளில் நானே செய்வேன். டீசல் இன்ஜின் அவ்வளவாகத் தெரியாது. குடும்பத்தோடு மலேசியாவின் தியோமான் தீவு வரை போய்வரும் நிலைக்கு வந்தால் போதும். படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குப் பணம் கட்டுவதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம்? எந்தக் குறை தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்?

தேக்குப்பலகை:

முதலில் டெக். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் காலத்து டெக்கில் மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவே மரக் கோர். மேல் தோலின் மீது தேக்குப் பலகைகளைத் திருகு போட்டு இறுக்கியிருப்பார்கள். இந்த அளவுப் படகில் திருகுகள் ஆயிரத்தைத் தாண்டும். ஒவ்வொன்றும் மேல் தோலில் ஒரு ஓட்டை. பலகை தேய்ந்து திருகை மூடிய மர அடைப்பு கழன்றாலோ, பலகை இடுக்கை அடைத்த கலப்பத்து ஓரம் விட்டாலோ, மழைத்தண்ணீர் அந்த ஓட்டை வழியாகக் கோருக்குள் இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. அதனால் கால் அமுங்குமிடம் ஒரு முழம்தான் இருந்தாலும், ஈரம் அதைத் தாண்டிப் பல அடி பரவியிருக்கும் என்றே கணக்கு வையுங்கள்.

தேக்கின் மேல் ஈரமானியை வைத்துப் பார்க்காதீர்கள். தேக்கே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், எண் தப்பாகக் காட்டும். பிளாஸ்டிக் தலைச் சுத்தியலால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் தோல் கோரை விட்டுப் பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் எல்லை போட்டுச் சதுர மீட்டர் அளந்துகொள்ளுங்கள். அடுத்து, உரிமையாளர் சம்மதத்தோடு கேபின் உள்கூரைப் பலகையைக் கழற்றிக் கீழ்த் தோலில் 6 மி.மீ. துளை. துளைக்கருவி முனையில் பட்டை மாட்டி, மேல் தோலைத் தொடாத ஆழத்தில் நிறுத்துங்கள். வெளியே வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் சரி. கரும்பழுப்பாக, பிசைந்தாற்போல வந்தால் அந்தப் பகுதி முழுவதும் போய்விட்டது. பார்த்து முடித்ததும் துளையை எப்பாக்சிக் (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) கலவையால் அடைத்துவிடலாம்.

பழுதுபார்க்கும் அளவு: ஒரு சதுர மீட்டருக்கு 12 மி.மீ. கோர், 600 கிராம் பையாக்சியல் (இரு திசையில் இழை ஓடும்) ஃபைபர் துணி இரண்டு அடுக்கு (1.2 கிலோ), அதை நனைக்க ஏறக்குறைய அதே எடை எப்பாக்சி, கோரைப் பதிக்க 2 மி.மீ. கெட்டிக் கலவை, மேல் சமப்படுத்த 1 மி.மீ. மொத்தம் நாலரை முதல் ஐந்து கிலோ எப்பாக்சி. பழைய தோலோடு சேரும் ஓரத்தை 12-க்கு 1 சரிவாகத் தேய்க்க வேண்டும், 5 மி.மீ. தோலுக்கு 60 மி.மீ. அகலம். இந்த ஓரத்தைச் சுருக்கினால் ஒரே ஆண்டில் அங்கே கோடு விடும்.

கை வேலை சதுர மீட்டருக்கு 12 முதல் 15 மணி நேரம். இந்தப் படகின் பக்க டெக், முன் டெக் சேர்த்து 25 சதுர மீட்டர் என்று வைத்தால் 350 மணி நேரம். வார இறுதிக்கு 12 மணி நேரம் செய்தாலும், மழையில்லாத முப்பது வார இறுதி டெக்குக்கே போய்விடும்.

நம் ஊர் வெயிலில் எப்பாக்சி வேறு மாதிரி நடந்துகொள்ளும். சூடு 10 டிகிரி ஏறினால் இறுகும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மெதுவான ஹார்டனர் மட்டும் வாங்குங்கள். 200 கிராமுக்கு மேல் ஒரே கலவையாகக் கலக்காதீர்கள். கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். டப்பாவிலேயே விட்டால் புகைந்துவிடும். ஈரக் காற்றில் இறுகிய பரப்பில் மெழுகுபோல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரும் முரட்டு நாரும் போட்டுக் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும், அடுத்த கோட்டும் அடிக்க வேண்டும். நேரடியாகத் தேய்த்தால் படலம் பரப்பு முழுவதும் பரவும். மேல் கோட் பிடிக்காது. திறந்த மரத்தில் முதல் கோட்டைப் பிற்பகல் சூடு இறங்கும் நேரத்தில் அடியுங்கள். காலையில் அடித்தால் மரம் சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழியாக வரும்.

என் கருத்து: ஈரமான கோர் 4 சதுர மீட்டருக்குள் என்றால் தயங்காமல் எடுக்கலாம். 10 வரை யோசிக்கலாம். 15-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

டீசல்வாசம்:

லேமன் 120-க்கு 4,800 மணி நேரம் பெரிய வயது இல்லை. ஒழுங்காக ஓடியிருந்தால் இன்னும் பல ஆயிரம் மணி நேரம் ஓடும், உதிரி பாகமும் கிடைக்கும். என் கவலை நான்கு ஆண்டு சும்மா நின்றதில்தான்.

பார்க்கப் போகும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் சில வினாடிகளில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை சில நிமிடத்தில் மறைந்தால் சரி. நீலப் புகை நின்றால் எண்ணெய் எரிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள்; புகை குபுகுபுவென வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பிறகு கடலில் 30 நிமிடம் சுமையோடு ஓட்டி, கடைசியில் முழு வேகம். 2,500 சுற்றுக்குப் பக்கத்தில் வராவிட்டால் அடியில் சிப்பி அப்பியிருக்கலாம், ப்ரொப்பெல்லர் பொருந்தாமல் இருக்கலாம், இன்ஜினே களைத்திருக்கலாம். சூடு 80 டிகிரியை ஒட்டி நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டே போனால், கடல்தண்ணீரால் இன்ஜின் சூட்டைக் குறைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அடைப்பு.

இந்த இன்ஜினில் பலர் மறப்பது, சிலிண்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் தனி எண்ணெய்க் கிண்ணம். 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் டீசல் கசிந்து அந்த எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பராமரிப்புக் குறிப்பேட்டைக் கேளுங்கள். அதில் இந்த மாற்றம் எழுதியிருந்தால் முந்தைய கை நல்ல கை.

கியர் எண்ணெயையும் தொட்டுப் பாருங்கள். பால் கலந்தாற்போல இருந்தால் கியர் கூலரில் ஓட்டை விழுந்து கடல்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இரண்டு இன்ஜின், இரண்டு கியர், நான்கு மாதிரி எடுத்து எண்ணெய்ப் பரிசோதனைக்கு அனுப்பலாம். சோடியம் அதிகம் என்றால் உப்புத்தண்ணீர், ஈயமும் செம்பும் அதிகம் என்றால் பேரிங். எண்ணெய் மாற்றிய உடனே எடுத்த மாதிரி எதையும் சொல்லாது.

டீசல் தொட்டி அடுத்தது. இவ்வகைப் படகில் பெரும்பாலும் கருப்பு இரும்புத் தொட்டி, இன்ஜின் அறையின் இரு ஓரமும், டெக் கசிவுக்கு நேர் கீழே. தண்ணீர் தொட்டியின் தலையில் தேங்கி மேலிருந்து அரிக்கும். கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு தலைப்பகுதியைப் பாருங்கள். தொட்டியை முழுசாக வெளியே எடுக்க இன்ஜினைத் தூக்க வேண்டிவரும். உள்ளேயே வெட்டி எடுத்துப் பக்கத்துக்கு இரண்டு சிறிய தொட்டிகளாக வைப்பது பலரும் எடுக்கும் வழி. ஆனால் வாயு நீக்கிச் சான்று வாங்காமல் யாரும் வெட்டக் கூடாது. மரினாவில் தீப்பொறி வேலைக்குத் தனி அனுமதி வேண்டும்.

ஒரு விஷயம், பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. இந்த ட்ராலர்களில் நிறைய அமெரிக்கச் சந்தைக்குக் கட்டியவை. உள்ளே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் கரை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. பழைய ஏர்கான் மோட்டார் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். வயரும் வெள்ளீயம் பூசாத செம்பு என்றால் முனைகள் கருத்திருக்கும். 230-க்குப் புதிதாக வயர் இழுத்து, 30 மில்லியாம்ப் கசிவுத் துண்டிப்பும் கால்வானிக் ஐசொலேட்டரும் (கரை மின் இணைப்பு வழியாகப் படகின் உலோகம் அரிக்காமல் தடுக்கும் கருவி) போடும் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

நங்கூரம்:

மேலே இருவர் சொன்னதும் சரி. சிங்கப்பூரில் அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: டெக்கைத் திறந்தால் படகு எங்கே உலரும்?

பிற்பகலில்கூட நம் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது, இரவில் 90-ஐத் தாண்டும். திறந்துவைத்த கோர் இந்தக் காற்றில் தானாக உலராது. கூரை வேண்டும், பக்கம் மூடிய கூடாரம் வேண்டும், உள்ளே ஓயாமல் ஓடும் ஈரநீக்கி வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேலே தார்ப்பாய் மட்டும் கட்டிய படகில் எப்பாக்சி வேலை செய்வது பணத்தைக் கரைப்பது.

படகு யார்டைக் (படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும் இடம்) கூப்பிட்டு இவற்றைக் கேளுங்கள். கரையில் நிற்க ஒரு நாளைக்கு எவ்வளவு? உரிமையாளர் தானே தேய்க்கலாமா? ஞாயிறு திறப்பார்களா? வெளி ஆள் உள்ளே வரலாமா? கூடாரம் கட்டலாமா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் இங்கே வேலை நடக்காது. தினக் கட்டணத்தை 300 நாளால் பெருக்குங்கள். வார இறுதி மட்டும் வேலை செய்பவருக்குப் படகின் விலையைவிட அந்தத் தொகை பெரிதாக வரலாம். மலேசியாவின் ஜோகூர், பங்கோர், லங்காவி யார்டுகளில் கூலி குறையும். அதற்குப் படகு தானாக ஓட வேண்டும், துறைமுக அனுமதி, குடிநுழைவு வேலைகள் உண்டு, வார இறுதியில் நீங்களே போய் வேலை செய்யும் திட்டமும் மாறும்.

அடியில் 1981 முதல் அடித்த பெயிண்ட் அடுக்குகள் இருக்கும். சிப்பி ஒட்டாமலிருக்க டிரைபியூட்டில்டின் என்ற நச்சு கலந்த பெயிண்ட் 2008-இல் உலக அளவில் தடையானது; பழைய அடுக்கில் அது இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈரமாகச் சுரண்டி, கழிவைச் சேர்த்து யார்டிடம் ஒப்படையுங்கள். புதுப் பெயிண்டுக்குத் தண்ணீர்க்கோட்டு நீளத்தை, அகலமும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள்: 12 × (4.2 + 1.2) = 65 ச.மீ. இரண்டு கோட்டுக்கு 14 முதல் 16 லிட்டர். அடியில் சில கொப்புளம் இருந்தால் பயப்பட வேண்டாம். தண்ணீருக்குக் கீழே உள்ள வால்வுகள் அதைவிட முக்கியம். சுரண்டினால் பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய் வெறும் செம்பு நிற்கிறது என்று பொருள், தட்டினாலே உடையும். எல்லாவற்றையும் வெண்கலத்துக்கு மாற்றுங்கள்.

காகிதம்: படகு எந்த நாட்டுக் கொடியில் இருக்கிறது? வெளிநாட்டுக் கொடி என்றால் இறக்குமதி ஜிஎஸ்டி கட்டிய ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் 9 சதவீதம் உங்கள் தலையில் விழலாம். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமம் நடப்பில் இருக்கிறதா, டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்குமிடத்தை அறிவிக்கும் கருவி) வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

கடலாசை:

அனைவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடி பார்த்தேன். இடப்பக்கம் 7 சதுர மீட்டர் மொத்தொலி. துளைத்ததில் கரும்பழுப்பு ஈரத்தூள். வலப்பக்கமும் முன் டெக்கும் உலர்ந்திருக்கின்றன. இடப்பக்க இன்ஜின் உடனே பிடித்தது, வெள்ளைப் புகை மறைந்தது. வலப்பக்க இன்ஜின் சுற்றவே இல்லை, அதன் கியர் எண்ணெய் பால்போல இருக்கிறது. இடப்பக்கத் தொட்டித் தலையில் தடித்த துரு. இப்போது உரிமையாளர் 8,000 வெள்ளிக்குத் தருகிறேன் என்கிறார்.

டீசல்வாசம்:

ஸ்டார்ட்டரை மறுபடி அழுத்த வேண்டாம். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, கிராங்க் முனை நட்டில் நீளப் பிடி போட்டுக் கையால் மெல்லச் சுற்றுங்கள். தண்ணீர் பீய்ச்சி, பிறகு தாராளமாகச் சுற்றினால் நம்பிக்கை உண்டு. அசையாவிட்டால் அந்த இன்ஜின் முழு ஓவர்ஹால் அல்லது மாற்று. கியர் எப்படியும் பிரித்தாக வேண்டும், கூலரும் புதிது.

தேக்குப்பலகை:

7 சதுர மீட்டர், அதுவும் ஒரே பக்கம் என்றால் 35 கிலோ எப்பாக்சி, நூறு மணி நேர வேலை. உங்கள் கைக்கு அடங்கும். ஜன்னல் சட்டங்களை முதலில் கழற்றிக் கீழே உள்ள பிளைவுட்டைப் பாருங்கள். அந்தக் கறை பிளைவுட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. டெக்கைச் சரிசெய்து ஜன்னலை விட்டால் தண்ணீர் திரும்ப அதே இடத்துக்கு வரும்.

நங்கூரம்:

விலையில் 20,000 குறைந்தது இந்தக் கணக்கை அதிகம் மாற்றாது. ஒரு இன்ஜின், கியர், தொட்டி, வயரிங் நான்கும் சேர்ந்தால் அந்த இருபதாயிரம் நிற்காது. பாதியில் விட்டால் ஃபைபர் ஹல்லை வாங்க ஆளில்லை. வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் உரிமையாளராகிய உங்களிடம்தான் வரும்.

வலப்பக்க இன்ஜின் கையால் சுற்றி, கூடாரம் கட்ட யார்டு ஒத்துக்கொண்டால் எடுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் விட்டுவிடுங்கள், இலவசமாகக் கொடுத்தாலும். யார்டு பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு, சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே என்ற நிபந்தனையோடு 10 சதவீத முன்பணம் கொடுங்கள். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கும் செலவு உங்களுடையது. தூக்கும் நாளில் ஷாஃப்ட் (ப்ரொப்பெல்லர் தண்டு), ரடர் (சுக்கான்), வால்வுகள் மூன்றையும் கழற்றிக் காட்டச் சர்வேயரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வெளியிலிருந்து பார்த்து எழுதும் அறிக்கை போதாது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள், இரண்டாம் ஆண்டில் தேவைப்படும்.